யெல்தோஸை வெளியே கூப்பிட்ட நாள்

ஜனவரி 18

ஐஸ் ஹாக்கியில் மறுபடி தோல்வி. ஒன்பதுக்குப் பூஜ்யம். கரகண்டா நகரிலிருந்து பேருந்தில் திரும்பினோம். எங்கள் கோல்கீப்பர் யெல்தோஸ் முட்டியில் ஐஸ் கட்டியை அழுத்திக்கொண்டு சொன்னான்: "ஒம்பதுதானே உள்ள போச்சு. வந்தது எத்தனைன்னு எவனாவது பாத்தீங்களாடா?"

நான் பார்த்தேன். பாதி ஆட்டம் பெஞ்சில் உட்கார்ந்தவனுக்கு வேறென்ன வேலை?

தோற்காமல் என்ன செய்வோம்? எங்களுக்கு ஐஸ் திடல் கிடைப்பது விடியற்காலையில், பள்ளி தொடங்கும் முன். மாலை நேரம் நகராட்சிப் பெரியவர்களுக்கு. தொப்பையோடு வழுக்கி விழ அவர்களுக்கு எல்லா விளக்கும் எரிய வேண்டும்.

ஜனவரி 27

யெல்தோஸ் இந்தப் பருவத்தோடு ஆட்டத்தை விடுகிறான். உருக்காலை அவன் அப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. இவன் மாமாவின் டயர் கடைக்கு வேலைக்குப் போகிறான். எங்களுக்கு வேறு கீப்பர் கிடையாது. "கீப்பர் இல்லாத டீமுக்கு ஐஸ் எதுக்கு? கலைச்சிரலாம்" என்று விளையாட்டு அலுவலக ஆள் சொல்லிவிட்டுப் போனார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஒரே ஆசைதான் ரினாத். போறதுக்குள்ள ஒரு தடவையாவது என்னை வெளிய கூப்பிடணும்" என்றான் யெல்தோஸ்.

கீப்பர்களுக்கு மட்டும் வருகிற ஆசை. கடைசி நிமிடத்தில் ஒரே ஒரு கோல் பின்தங்கியிருந்தால், பயிற்சியாளர் கீப்பரை வெளியே அழைத்து, வலையைக் காலியாக விட்டு, தாக்க இன்னொருவனை அனுப்புவார். எட்டிப் பிடிக்க வழி இருக்கிற அணிக்குத்தான் அது. எங்களுக்கு மூன்று வருடமாக நடந்ததே இல்லை.

பிப்ரவரி 11

ஆறுக்கு ஒன்று.

பிப்ரவரி 22

ஐந்துக்கு இரண்டு. உடை மாற்றும் அறையில் அவனிடம் கத்திவிட்டேன். "போறவன்தானே நீ? எதுக்குடா இப்படி உயிரக் குடுத்து விழற?"

"நீ வேகமா திரும்பி வந்தா நான் ஏன்டா விழப்போறேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் கையுறையை மூலையில் எறிந்தேன். கோபம் யார் மேல்? அவன் மேல் இல்லை.

மார்ச் 15

கடைசி ஆட்டம், எங்கள் ஊரில். மூன்றுக்கு இரண்டு என்று பின்தங்கியிருந்தோம். ஒரு நிமிடம் மிச்சம். பயிற்சியாளர் கார்லோவிச் பெஞ்சில் ஏறி நின்று கையை ஆட்டினார்.

யெல்தோஸ் அசையவில்லை. திரும்பித் தன் வலையைப் பார்த்தான் — ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்திருக்கிறான்.

"உன்னத்தான்டா கழுதை! வெளிய வா!" பெஞ்சே கத்தியது.

அத்தனை கனமான கவசங்களோடு அவன் வந்த வேகம்! அவனுக்குப் பதில் தடுப்பைத் தாண்டி இறங்கியது நான்தான். வட்டு என்னிடம் வந்தது. பறிகொடுத்தேன்; எதிரணிக்காரன் தட்டிவிட்டான். அது மெதுவாக, எல்லோரும் பார்க்க, காலி வலைக்குள் போய்ச் சேர்ந்தது. நாலுக்கு இரண்டு.

"அது என் கணக்குல வராதுடா!" பெஞ்சிலிருந்து யெல்தோஸ் கூவினான். சிரித்துக்கொண்டுதான் இருந்தான். பிறகு தலைக்கவசத்தை மறுபடி மாட்டிக்கொண்டான். வெகுநேரம் கழற்றவில்லை.

மார்ச் 24

அலுவலக ஆள் வந்தார். "அடுத்த வருஷத்துக்குக் கீப்பர் யாரு?"

"நான்" என்றேன். வாய் முந்திக்கொண்டது. கார்லோவிச் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மறுக்கவில்லை.

மார்ச் 26

பயிற்சியிலேயே எத்தனை உள்ளே போயின என்று எழுத வெட்கமாக இருக்கிறது. யெல்தோஸ் கடைக்குப் போகும் வழியில் வந்து வலைக்குப் பின்னால் நின்றான். "முட்டியச் சேத்து வைடா! நடுவுல லாரி போகும் போல இருக்கு!"

ஒரு வட்டு கழுத்துக்குக் கீழே அடித்தது. கொஞ்ச நேரம் மூச்சே வரவில்லை.

"வலிக்குதா?"

"ஆமா."

"வலிக்கும்" என்றான். பிறகு மற்றவர்களைப் பார்த்து, "ம், அடிங்கடா."