வேலிக்கு வெளியே ஒரு படகு

டன்லப் தெரு, சிங்கப்பூர்
12-10-1959

அன்புள்ள ஜரீனாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். உன் நலத்தை எழுத ஒரு மாதமாக உனக்குக் கை வரவில்லை, போகட்டும்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டுப் படகில் ஊர் சுற்றினேன் என்றால் நம்புவாயா? துறைமுகத்தில் வேலை பார்க்கும் தங்கராஜு விடாப்பிடியாக இழுத்துப்போனான். காலை எட்டு மணிக்கு ஏறி, பொழுது சாயத்தான் இறங்கினோம். அவசரமே இல்லாத படகு. அதைக் கடலென்றே சொல்ல முடியாது. தீவுகளுக்கு நடுவே அகன்ற ஆறு மாதிரி அமைதியாகக் கிடக்கிறது. தண்ணீருக்குள் கம்பு நட்டு, மேலே குடிசை போட்டு மீன் பிடிக்கிறார்கள். கெலோங் என்று பெயர். அதன் நிழலில் படகை நிறுத்தி, வாழையிலையில் கட்டிவந்த நாசி லெமாக், அதான் தேங்காய்ப்பால் சோறு, சாப்பிட்டோம். பத்து வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், நேற்றுத்தான் கண்ணைத் திறந்து பார்த்தேன்.

பிற்பகலில் ஒரு தீவை ஒட்டிப் போனோம். குன்று, வெள்ளை மணல், கரையோரம் பெரிய பெரிய மரங்கள். பார்த்துக்கொண்டே இருக்கலாம். நீ வந்தால் முதலில் அங்கேதான் கூட்டிப்போக வேண்டும்.

வருவாயா? ஐந்து வருஷம் பிரிந்திருக்கும் மனைவிக்கு இனி அனுமதி கிடையாது என்று சட்டம் வருகிறது. ஜனவரியோடு நமக்கு ஐந்து வருஷம். அப்புறம் நீ நினைத்தாலும் முடியாது.

உன்,
ஒலி முகம்மது

நாகூர்
2-11-1959

அன்புள்ள மச்சானுக்கு,

ஸலாம். உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். உங்களிடம் இத்தனை வார்த்தை இருக்கிறதா? கல்யாணமான புதிதில் எனக்கு இப்படி ஒன்று வந்ததில்லை.

அந்தத் தீவின் பெயரை ஏன் எழுதவில்லை? தெரியாமலா, மறைத்தா? மரங்களுக்குப் பின்னால் நீளமான கொட்டகைகள் இருக்குமே. நான் அங்கே வந்த கப்பலில் யாருக்கோ அம்மை கண்டதென்று எங்களை இறக்கி, பதினோரு நாள் அடைத்துவைத்த தீவு அது.

அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. தினம் வேலியோரம் உட்கார்ந்து நானும் அந்தத் தண்ணீரைத்தான் பார்த்தேன். படகுகள் கிட்டத்தில் வரும். யார் யாரோ கை அசைப்பார்கள். ஒவ்வொன்றிலும் உங்களைத் தேடினேன். கரைக்கு வந்ததும் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "அங்க யாரையும் கிட்ட விடமாட்டாஹ புள்ள." அதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. மூன்றே மாதத்தில் நான் திரும்பிவந்தது ஊர் நினைப்பில் அல்ல, மச்சான்.

டிசம்பர்க் கப்பலுக்குச் சீட்டு எடுக்கட்டுமா என்று வாப்பா கேட்கிறார்கள். பதில் சொல்லாமல் இருக்கிறேன். மறுபடியும் என்னை அங்கே இறக்கினால் நீங்கள் என்ன செய்வீர்கள்? அதை மட்டும் எழுதுங்கள்.

ஜரீனா

சிங்கப்பூர்
14-11-1959

அன்புள்ள ஜரீனாவுக்கு,

ஸலாம். மறைக்கவில்லை, தெரியவில்லை. தங்கராஜுவைக் கேட்டேன், அதே தீவுதான் என்றான்.

அன்று நான் விசாரித்தது ஒரே ஓர் ஆளிடம். விடமாட்டார்கள் என்றார், கடைக்குத் திரும்பிவிட்டேன். ஒரு படகைப் பிடித்துச் சுற்றிவந்தாவது உன்னைப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றாததுதான் என் குற்றம்.

வாப்பாவைச் சீட்டு எடுக்கச் சொல். உன்னை அங்கே இறக்கினால், தினமும் அஸர் தொழுதுவிட்டுப் படகில் வருவேன். படகுக்காரரிடம் இப்போதே பேசிவைத்துவிட்டேன். வேலியோரம் வந்து நில். மஞ்சள் குடை பிடித்திருப்பவன் நான். கோபத்தில் நீ கை அசைக்காவிட்டாலும் மறுநாளும் வருவேன்.

உன்,
ஒலி முகம்மது