எட்டு ஷெட்டும் பதினெட்டு ரூபாயும்

என் அவசரக்கார அண்ணனுக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உன்னிடம் பேச வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் இதுவரை அழுதுவிட்டுச் சும்மா இருந்தேன். இந்த வாரம் அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. அதுவும் உன்மேல். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

உன் பி.எஃப். பணமும் கம்பெனி கொடுத்ததும் சேர்ந்து போன மாதம் வந்தது. நாற்பதாயிரம். அண்ணிக்கு இனி மாதச் சம்பளம் என்று ஒன்று வரப்போவதில்லை. இரண்டு பெண்களும் படித்துக் கரையேறும் வரை அதுதான் எல்லாம். எங்கே போடலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள், அண்ணி பூர்த்தி செய்த ஒரு விண்ணப்பத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

உன் ஷெட் கம்பெனி ஷேர். குன்றத்தூர் போகிற வழியில் எட்டு ஷெட் கட்டி ஃபேக்டரிகளுக்கு வாடகைக்கு விட்டு, வருகிற வாடகையை ஷேர் வைத்திருப்பவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறதே, அதேதான். புது ஷேர் விற்கிறார்கள். சனிக்கிழமை கடைசி நாள்.

"உங்க அண்ணன் சொல்லிகினே இருப்பாரு செல்வி. மொத்தமா பணம் கைக்கு வந்தா இதுலதான் போடணும்னு. பேங்க்ல நூத்துக்குப் பதினொண்ணு, இவன் பதினெட்டு தர்றான்" என்றார் அண்ணி.

நீ சொன்னாய்தான். போனஸ் பணம் ஐயாயிரத்தை அதில் போட்டுவிட்டு, டிவிடெண்ட் வந்த தபாலை டீக்கடை வரைக்கும் கொண்டுபோய்க் காட்டியவன் ஆயிற்றே. "சுவத்தத் தட்டிப் பாத்துட்டு வந்தேன் செல்வி. சீட்டுக் கம்பெனிக்காரன் மாதிரி ராத்திரியோட ராத்திரியா ஓடிப் போவுமா இது?" என்று கேட்டாய். ஓடாதுதான். ஆனால் வாடகை ஒழுங்காக வருகிறதா என்பதைச் சுவர் சொல்லுமா அண்ணா?

என் ஆபீஸ் இருப்பது அந்த மூன்றாம் நம்பர் ஷெட்டில் என்பது உனக்குத் தெரியும். வாடகை ஒப்பந்தத்தை டைப் அடித்ததே நான்தான். மாதம் ஐயாயிரம் வாடகை, பத்து மாத அட்வான்ஸ் ஐம்பதாயிரம். திங்கட்கிழமை மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதம் சொல்லச் சொல்ல எழுத வைத்தார். தாம்பரம் பக்கம் சொந்தக் கட்டடம் முடிந்துவிட்டது, மூன்று மாதத்தில் காலி செய்கிறோம், அட்வான்ஸைத் திருப்பித் தரவும் என்று. வெளியே மூச்சு விடக்கூடாது என்றும் சொன்னார். தலையாட்டிவிட்டு வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தால், அண்ணி பூர்த்தி செய்த விண்ணப்பம்தான் கண்முன் நின்றது.

மறுநாள் வேலை விட்டதும் எட்டு ஷெட்டையும் ஒரு சுற்று நடந்து பார்த்தேன். பூட்டுகளைப் பார்த்து நின்றபோது வாட்ச்மேன் வந்தார்.

"இன்னாம்மா பாக்குற? அஞ்சுதான் ஓடுது. மிச்சம் மூணும் கட்டுன நாள்லேர்ந்து பூட்டியேதான் கீது" என்றார்.

"அஞ்சும் பழைய கம்பெனிங்களா?"

"ரெண்டுதான் பழசு. மூணு, எம்பத்தொம்பது ஆரம்பத்துல வந்துது. எல்லாருக்கும் ஒரே வாடகை, ஒரே அட்வான்ஸ். யாரும் கொறச்சுக் குடுக்க முடியாது."

வீட்டுக்கு வந்து உன் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். கம்பெனி அனுப்பிய 1989-ஆம் வருஷ ஆண்டறிக்கை பிரிக்காத உறையோடு அப்படியே இருந்தது. டிவிடெண்ட் தபாலை ஊருக்கே காட்டினாயே, இதைப் பிரித்துப் பார்க்க உனக்கு நேரமில்லையா?

ஐந்து ஷெட், மாதம் ஐயாயிரம். வருஷம் முழுக்க ஒருவர்கூடப் பாக்கி வைக்கவில்லை என்றே வைத்துக்கொள். மூன்று லட்சம் வரும். அறிக்கையில் "வாடகையும் இதர வரவும்" என்று ஒரே வரியில் நாலரை லட்சம் போட்டிருந்தார்கள். பேங்க் கடனுக்கு வட்டி, வரி, ரிப்பேர் என்று ஒரு லட்சத்து எண்பதாயிரம் போக, மீதி அத்தனையையும் பைசா மிச்சமில்லாமல் டிவிடெண்டாகக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கூடுதல் ஒன்றரை லட்சம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு புரிந்தது. புதிதாக வந்தவர்கள் மூன்று பேர். ஆளுக்கு ஐம்பதாயிரம் அட்வான்ஸ். பெருக்கிப் பார்த்தேன், சரியாக ஒன்றரை லட்சம்.

நம் வீட்டுப் பின்கட்டில் ஒரு குடும்பத்தைக் குடிவைத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அவர்கள் கொடுத்த அட்வான்ஸில்தான் எனக்கு டைப்ரைட்டிங் ஃபீஸ் கட்டினாய், வீட்டுக்கு ஓடு மாற்றினாய். அவன் என்ன நாளைக்கேவா காலி செய்யப் போகிறான் என்றாய். ஆறே மாதத்தில் அவன் மாற்றலாகிப் போனான். அண்ணியின் செயினை அடகு வைத்துத்தான் திருப்பிக் கொடுத்தோம். நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் நடக்கிற கூத்துதான் இது. அட்வான்ஸ் கைக்கு வந்த அன்றே அது நம் பணமாகிவிடுகிறது. அதே கூத்தை ஒரு கம்பெனி செய்து, அதற்கு டிவிடெண்ட் என்று பேர் வைத்து உனக்கும் அனுப்பியிருக்கிறது.

மொத்த ஷேர் முதல் பதினைந்து லட்சம். வாடகையை மட்டும் வைத்துச் செலவு போகக் கணக்குப் போட்டால் நூற்றுக்கு எட்டு ரூபாய்தான் தேறுகிறது. அதுவும் ஐந்து ஷெட்டும் ஓடினால். எங்கள் கம்பெனி போய்விட்டால் நாலு.

வியாழக்கிழமை ஏஜென்ட் கோதண்டம் விண்ணப்பத்தை வாங்கிப் போக வந்தார். அண்ணி காபி போட உள்ளே போன நேரத்தில், வரவில் வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஆடிட்டர் பாத்துக்குவாரும்மா. நெலத்து வெல எப்டி ஏறிகினு கீது, அதைப் பாரு. பத்து வருசத்துல தங்கம்மா இது."

நிலத்தின் விலை ஏறும்தான், நான் மறுக்கவில்லை. அந்த இடத்தை விற்றால்தானே அது காசு? அதுவரை இரண்டு பெண்களுக்கு ஸ்கூல் ஃபீஸை யார் கட்டுவது? இதைக் கேட்டதும் மனிதர் சிரித்துக்கொண்டே, "அண்ணன் இருந்தா இப்டிலாம் கேக்க மாட்டாரும்மா" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது உண்மை. நீ கேட்டிருக்க மாட்டாய்.

செக்கோடு சேர்த்துச் சனிக்கிழமை காலை வந்து வாங்கிக்கொள்வதாக அண்ணியிடம் சொல்லிவிட்டு அவர் போனார். சொல்லிவிடலாம் என்று அப்போதே வாய் வரைக்கும் வந்தது. உன் படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார் அண்ணி. "நீங்க சொன்ன மாரியே செய்யப் போறேங்க" என்று உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டபிறகு எப்படிச் சொல்வது? உன்னைப் பொய்யனாக்கி, இன்னொரு முறை இந்த வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. என் கணக்குத் தப்பாக இருக்கக்கூடாதா என்று வேண்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மதியம் மேனேஜர் ஷெட் கம்பெனிக்குப் போய்விட்டு முகம் சிவந்து வந்தார். பக்கத்தில் இருந்த அக்கவுண்டன்டிடம் அவர் சொன்னது என் காதில் நன்றாகவே விழுந்தது.

"அட்வான்ஸ் கேட்டா, புது ஷேர் பணம் வரட்டும் சார், அதுலேர்ந்து தந்துடறோம்ங்கறான். கேட்டியா கதைய."

புது ஷேர் பணம் என்றால் யார் பணம்? அண்ணியின் நாற்பதாயிரம். உன் பி.எஃப். நீ லேத்தில் நின்று நின்று கால் நரம்பு சுருண்டு சம்பாதித்தது. ஆபீஸ் ரகசியம் போனால் போகட்டும், வேலையே போனாலும் போகட்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

நேற்றுக் காலை ஏஜென்ட் வருவதற்கு அரை மணி முன்னால் அண்ணியை உட்கார வைத்தேன். அறிக்கையைப் பிரித்து, பென்சில் கணக்கைக் காட்டி, காலி செய்யப்போவதையும் மேனேஜர் சொன்னதையும் சொன்னேன். "அண்ணன் நல்ல மனசோடதான் சொன்னாரு. ஆனா தப்பா சொல்லிட்டாரு அண்ணி" என்றேன்.

அண்ணி பென்சில் கணக்கை இன்னொரு முறை மேலிருந்து கீழே பார்த்தார். வெளியே பஸ் ஹாரன் கேட்டது. ஏஜென்ட் அதில்தான் வருகிறாரோ என்று நான் வாசலை எட்டிப் பார்த்தேன்.

"பதினாறு வருசம் அந்த ஆளோட குடும்பம் பண்ணிக்கீறேன். அவருக்குக் கணக்கு வராதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றார்.

"அப்பறம் ஏன் அண்ணி?"

"அவரு செய்யணும்னு சொன்னது எதையுமே செஞ்சு முடிக்காம போய்ட்டாரு செல்வி. வூட்டுக்கு மாடி எடுக்கல, என்னெ ஒருவாட்டி திருப்பதிக்கு இட்டுகினு போவல. இது ஒண்ணுதான் என்னால முடிக்க முடியும்னு நெனச்சேன். நட்டம் வந்தாலும் அவரு பேச்சு நெறவேறட்டும்னு கீதே, அந்தப் பைத்தியம்தான் எனக்கு."

அப்போதுதான் அண்ணா, ஏழு மாதத்தில் முதல்முறையாக நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம். அழுது முடித்ததும் அண்ணி விண்ணப்பத்தை மடித்து உன் பெட்டியிலேயே வைத்தார். பணம் பேங்க்கில், இரண்டு பெண்களின் பேரில், பதினொன்றுக்குப் போகிறது. உன் பழைய ஐயாயிரம் ஷெட் கம்பெனியிலேயே கிடக்கிறது. ஏஜென்ட் வந்தபோது, அந்த ஷேரையாவது விற்கிறீர்களா, மணிமங்கலத்தில் ஒருத்தர் வாங்கக் காத்திருக்கிறார் என்றார். அண்ணி வேண்டாம் என்றார். "தெரிஞ்சிகினே இன்னொருத்தர் தலைல எப்டிங்க கட்டறது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

நீ போன நாளிலிருந்து உன்னைப் பற்றி யாராவது பேசினால், நீ தப்பே செய்யாத மனிதன் மாதிரி நானும் கூடச் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தேன். அந்தப் பாட்டில்தான் அண்ணியின் நாற்பதாயிரம் போகப் பார்த்தது. இனி பாட மாட்டேன். உன் பெண்கள் கேட்கும்போது, உங்கள் அப்பா லேத் வேலையில் கெட்டிக்காரர், கணக்கில் மக்கு, எல்லாரையும் நம்புவார், என் ஃபீஸுக்காக ஊரான் அட்வான்ஸைச் செலவு செய்தார் என்று உள்ளதை உள்ளபடியே சொல்வேன். சாமி படத்திடம் சண்டை போட முடியாது. எனக்குச் சண்டை போட அண்ணன் வேண்டும்.

இன்னும் உன்மேல் கோபம் தீராத
உன் தங்கை,
செல்வி

பிள்ளைப்பாக்கம்,
1991, மாசி