உயிர்த்தெழுந்ததற்கு ஒரு மெட்டு

24-3-1934, சனி
பெரியநாயக்கன்பாளையம்

உபதேசியார் வேலைக்கு வந்த பிறகு இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. பண்ணையில் களை வெட்டிவிட்டு வரும் நம் பெண்கள் ஆர்மோனியப் பாட்டுக்கு வாயே திறப்பதில்லை. சிலுவைப் பாட்டை அவர்கள் ஒப்பாரி மெட்டிலேயே கட்டிக் கொடுத்தேன். நஞ்சம்மாள் முதலில் எடுத்தாள் பாருங்கள், அத்தனை பேரும் மாரடித்து அழுதார்கள்! ஈஸ்டரன்று பாதிரியார் வந்து விசாரித்து ஞானஸ்நானம் கொடுப்பார். இனி என்ன கவலை.

30-3, பெரிய வெள்ளி

தெருவில் ஒரு வீட்டிலும் அடுப்பு மூட்டவில்லை.

1-4, ஈஸ்டர்

தலையில் கல்லைப் போட்டுவிட்டார்கள்!

பெண்கள் கோயிலுக்குச் சொம்பில் பாலோடு வந்து நின்றார்கள். "இயேசு எங்கே இருக்கிறார்?" என்று பாதிரியார் கேட்டார்.

"செத்துப்போட்டாருங்க சாமி. நாங்கதான் அழுதமே. இன்னிக்கு மூணாம் நாளுங்க, பால் ஊத்தோணும். குழி எங்கீங்க?" என்றாள் நஞ்சம்மாள்.

ஈஸ்டர் பாட்டை வாசித்தேன். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. "எழவு ஊட்டுல பாட்டுங்களா?" என்று பின்னாலிருந்து யாரோ முனகினார்கள்.

ஞானஸ்நானம் நின்றுபோயிற்று. "உம்முடைய ஒப்பாரி செய்த வேலை இது. மே மாதம் வருவேன். அதற்குள் திருத்தும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் போடுவேன்" என்றார் பாதிரியார்.

4-4, புதன்

ஈஸ்டர் பாட்டுக்குக் கும்மி மெட்டு போட்டுப் பார்த்தேன் — கல்யாண வீட்டுக் களை வந்துவிட்டது, பொருந்தவில்லை. ஆர்மோனிய மெட்டோ அவர்களுக்கு ஒட்டவேயில்லை.

சரி, எனக்கு? சின்ன வயதிலிருந்து அந்த மெட்டைக் கேட்டாலே நெஞ்சு பொங்கும். அது விசுவாசமா, மெட்டா? பெட்டியை மூடிவிட்டு, 'அவர் எழுந்துவிட்டார்' என்று வெறும் வாயால் சொல்லிப் பார்த்தேன். நாக்கு எழும்பவில்லை. சீ, நானெல்லாம் ஒரு உபதேசியார்!

11-4, புதன்

நஞ்சம்மாளிடமே கேட்டேன்: "செத்தவங்க திரும்பி வந்தா எந்த மெட்டுல பாடுவீங்க?"

"ஏனுங்க, அப்படி ஆரு வந்தாங்க? வராததுக்கு ஏதுங்க பாட்டு?" போகிறவள் நின்று திரும்பினாள். "நெசமாலுமே வந்துட்டாருங்களா?"

"பாட்டுல அப்படித்தான் இருக்குது" என்று உளறிவிட்டு வந்தேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

15-4, ஞாயிறு

ஆர்மோனியத்தைத் திறக்கவில்லை. பெண்கள் நடுவில் பாயில் உட்கார்ந்து, கல்லறை காலியாக இருந்ததைச் சொன்னேன். அங்கே போன பெண்கள் ஓடி வந்து சொன்னதையும், யாரும் நம்பாததையும் சொன்னேன். பாதியில் எனக்கே அழுகை வந்துவிட்டது.

"அப்ப வந்துட்டாருங்களா?" நஞ்சம்மாள் விடவில்லை.

"வந்துட்டாரு" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு கோபம் வந்துவிட்டது அவளுக்கு. "இத்தனை நாளா இதை ஏனுங்க எங்ககிட்டச் சொல்லல?"

எனக்கே இன்றைக்குத்தான் தெரியும் என்று எப்படிச் சொல்வேன்?