அப்பா கையெழுத்துப் போடாத படிவம்

மக்காவ்,
மார்ச் 9

மதிப்பிற்குரிய ஹோய் லாம் அவர்களுக்கு,

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். லிஸ்பனில் நீங்கள் நலமாக இருப்பீர்கள். இங்கே உங்கள் அப்பா நலமாக இல்லை.

அவரைச் சூதாட்ட விடுதிகளுக்குள் விடக்கூடாது என்று நீங்கள் அனுப்பிய மனு எங்கள் கண்காணிப்பு அலுவலகத்துக்கு வந்தது. பிள்ளைகள் மனுப் போடலாம். ஆனால் ஆடுகிறவரே ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால்தான் அது செல்லும். குடிகாரனிடம் அனுமதி வாங்கிக் கடையைப் பூட்டுவது மாதிரி.

முறைப்படி அவரை வரவழைத்தோம். நாங்கள் எல்லோரும் இதே அலுவலகத்தில் அவருக்குக் கீழ் வேலை பார்த்தவர்கள், எழுந்து நின்றோம். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "பாருங்கடா, எம் பொண்ணு மூணாவது கட்டத்துல தேதியை மாத்திப் போட்டிருக்கா!" என்று சிவப்புப் பேனா கேட்டு வாங்கித் திருத்தினார். சம்மதக் கட்டத்தைக் காட்டினோம். "தம்பிகளா, இந்தப் படிவத்தை வரைஞ்சவனே நான்தான். எங்கிட்டயேவா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கையெழுத்தில்லாத படிவத்தை எடுத்து நான் கோப்பில் வைத்தேன்.

அரசு ஊழியர்கள் சீனப் புத்தாண்டின் முதல் மூன்று நாள் மட்டும்தான் ஆடலாம். அந்த மூன்று நாளும் அவர் வீடு திரும்பியதில்லை என்பது உங்களுக்கே தெரியும். ஓய்வு பெற்றபின் வருடம் முழுவதும் அவருக்குப் புத்தாண்டு.

வாரம் மூன்று முறை ரத்தம் சுத்திகரிக்க வேண்டியவர், போன வாரம் ஒரு முறைதான் போனார். நேற்று பணிக்காகச் சூதாட்ட விடுதிகளைச் சுற்றியபோது ஒரு மேசையில் அவரைப் பார்த்தேன். வீங்கிய கால் செருப்பில் நுழையவில்லை. வெறுங்காலை நாற்காலிக் கம்பியில் வைத்துக்கொண்டு, சீட்டின் ஓரத்தை நகத்தால் மெல்ல மடக்கிக்கொண்டிருந்தார். "சார், இன்னிக்கு ஆஸ்பத்திரி இல்லையா?" என்று தேநீர் கொண்டுவந்த பெண்ணே கேட்டாள். "சும்மா இரும்மா, சீட்டு இப்பத்தான் திரும்புது" என்றார். விதிமீறல் ஒன்றுமில்லை. விடுதியின் உரிமம் சுத்தமாக இருக்கிறது. எழுதிக்கொள்ள எனக்கு ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை.

நீங்கள் நேரில் வாருங்கள். படிவத்தை அவர் முன்னால் வைத்துவிட்டு அங்கேயே உட்காருங்கள். எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார். உங்களைப் பார்த்துச் சிரிக்க மாட்டார் என்று நினைக்கிறேன். தாமதம் வேண்டாம்.

என் பெயரைப் போட்டால் அவரிடம் கேட்பீர்கள். "பதவி உயர்வு கொடுக்கலைன்னு அவனுக்குப் பன்னெண்டு வருஷமா எரிச்சல்" என்பார். அது உண்மைதான். அதைக் கேட்டபின் அவர் காலைப் பற்றி நான் எழுதியதை நம்பமாட்டீர்கள். அதனால் கையெழுத்தில்லாமலே தபாலில் சேர்க்கிறேன்.