பஞ்சாலையின் கையுறைகள்

மார்ச் 4, திங்கள்

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, இன்று முதல் வீட்டுத் துணிகளை ஊதா நிற வாசனைத் திரவத்தில் அலசுவது என்று முடிவெடுத்தேன். துணி மென்மையாகும், மலைப்பூ மணக்கும் என்று புட்டி உறுதியளிக்கிறது. லிங்கி டவுன் கடையில் நெடுநேரம் நின்று யோசித்தேன். இதைவிடக் குறைந்த யோசனையில் அரசுகள் கவிழ்ந்திருக்கின்றன.

தோட்ட ஆபீஸை மூடி கணக்கெழுதும் என் கிராணி வேலை போனதிலிருந்து துவைப்பது என் இலாகா. இது எனக்கும் என் மனைவி பஞ்சாலைக்கும் மட்டும் தெரியும். அக்கம்பக்கத்துக்கு நான் 'ஆன்லைனில் கணக்குப் பார்ப்பவன்'. கணக்குப் பார்ப்பவன் துணி காயப்போட முடியாதே. அதனால் எல்லாம் பின் அறையில், திரை போட்ட ஜன்னலுக்கு உள்ளே காய்கின்றன. அவள் தொழிற்சாலைக் கையுறைகளும் அங்கேதான். செலவைக் குறைக்க அவற்றை வீட்டில் துவைத்து வரச் சொல்லிவிட்டார்களாம்.

மார்ச் 6, புதன்

"பேர்னஸ் உலைப் பக்கமே மணக்குதுன்னு கூட வேல செய்ற விமலா சொல்றா லா. என்னா சோப்புன்னு கேக்குறா."

"நீ என்ன சொன்ன?"

"கைராசின்னேன்."

மார்ச் 8, வெள்ளி

கழித்துக்கட்டிய துண்டு ஒன்றைப் பஞ்சாலை கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தாள். பத்துக் காசு அகலத்தில் ஒரு வெண்பீங்கான் வில்லை. மூன்று துளைகள், மூன்று கம்பிகள். காற்றே இல்லாத ஒரு பெட்டிக்குள் மின்சாரம் நுழையும் வாசலாம். கம்பிக்கும் பீங்கானுக்கும் இயல்பில் ஒட்டுறவு கிடையாது. அதனால் துளைக்குள் உலோகப் பூச்சு, கம்பியைச் சுற்றி வெள்ளிக் கலவையில் ஒரு வளையம். இவற்றைக் கையால் கோத்துத் தட்டில் அடுக்கி உலைக்கு அனுப்புவது அவள் வேலை.

"வெள்ளி உருகினா கீழ கொட்டிடாதா?"

"கொட்டாது. தானா இடுக்குக்குள்ள ஏறும். அந்தச் சின்ன ஜன்னல்ல பாக்கணும் நீங்க. உள்ள செக்கச்செவேல்னு இருக்கும். வெள்ளி அப்படியே கண்ணு முழிக்கிற மாதிரி கம்பியச் சுத்தி வரும். அப்ப யாரு கூப்புட்டாலும் எனக்குக் கேக்காது."

பதினெட்டு வருடத்தில் என்னைப் பற்றி அவள் இந்தக் குரலில் பேசியதில்லை. மானேஜர் இதைத் திருமணத்துக்கு உவமையாகச் சொல்வாராம். மூன்று முறை மணந்தவர், அனுபவம் பேசுகிறது.

மார்ச் 11, திங்கள்

மதியத் தூக்கம். பின் அறையில் கையுறைகள் விரல் விரித்துத் தொங்க, அறை முழுக்க மலைப்பூ. கனவில் தோட்டமே ஒரு வெள்ளை வில்லை. செம்பனை மரங்களெல்லாம் கம்பிகள். வேரிலிருந்து வெள்ளி மெதுவாக ஏறியது, சத்தமே இல்லை. நான் ஓரத்தில் கைலியோடு நின்றிருந்தேன். என்மேல் மட்டும் ஏறவில்லை.

மார்ச் 13, புதன்

அவள் தட்டில் அடுக்கிய வில்லைகள் கசிகின்றன. ஒரு பக்கம் ஹீலியம் வாயுவை விட்டால் மறுபக்கம் மெஷின் கண்டுபிடித்துவிடுகிறதாம். வெள்ளி உருகுகிறது, ஆனால் ஏறாமல் மணிமணியாகச் சுருண்டு நிற்கிறது. மற்றவர்களின் தட்டுகளில் ஒன்றும் இல்லை.

சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

மார்ச் 15, வெள்ளி

சூப்பர்வைசர் தர்மேந்திரன் சொல்லிவிட்டாராம்: திங்களுக்குள் காரணம் தெரியாவிட்டால் பஞ்சாலை உலையை விட்டுப் பேக்கிங் பகுதிக்குப் போகவேண்டும். சம்பளம் குறையாது. "அட்டப்பெட்டி ஒட்டுறதுக்கா இத்தன வருசம் கத்துக்கிட்டேன்?" என்றாள்.

மார்ச் 16, சனி

குளித்துவிட்டுத் துவட்டினேன். தண்ணீர் போகவில்லை. பூப்போல மென்மையான துண்டு. முதுகில் வழுக்கிக்கொண்டே போகிறது, ஒரு சொட்டும் உறிஞ்சவில்லை. துண்டின் மேல் நீர் மணிமணியாகச் சுருண்டு நின்றது —

மணிமணியாக.

ஐயோ. நான்தானா?

புட்டியை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். "இத கையுறையிலயுமா ஊத்துனீங்க?"

"மணக்குதுன்னு சொன்னியே."

"இதுல இருக்குற பிசுக்கு கம்பியில ஏறியிருக்கு. வெறும் சோப்புதான் போடணும்னு போர்டுலயே எழுதியிருக்கு. கையெழுத்துகூட வாங்கினாங்க."

"அப்ப காரணம் கெடச்சிருச்சில்ல? திங்கக்கெழம சொல்லிடு."

"என்னான்னு? நா துவைச்சேன்னா, ரூல் தெரிஞ்சே செஞ்சதா ஆவும். பேக்கிங்குக்கும் போவ முடியாது, வீட்டுக்குத்தான்." புட்டியின் மூடியைத் திருகி இறுக்கினாள். "ரூல் தெரியாத ஆளு துவைச்சதா சொல்லணும்."

அந்த ஆள் யார் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

சொல்லமாட்டேன் என்கிறாள். "ஒங்களப் பாத்து யாரும் சிரிக்க வேணாம். நா அட்டப்பெட்டி ஒட்டுறேன்." எனக்குக் கோபம் வந்தது. யார் மேல்? நாளைக்குத் தொழிற்சாலை வேனில் பாதிப்பேர் இந்தத் தோட்டத்து ஆள்கள். சாயங்காலம் பேச்சு கடைவரை வந்துவிடும். கிராணி பாவாடை துவைக்கிறான்னு. சொல்லட்டுமே! துவைக்கிறேன்தானே? நல்லாத்தான் துவைக்கிறேன்!

இரவு அவளிடம் சொன்னேன்: "நீ சொல்லலன்னா நானே போன் பண்ணிச் சொல்லிடுவேன்."

மார்ச் 18, திங்கள்

துவைத்தது நான்தான் என்று காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க. அப்புறம் விமலா கேட்டா, ஒங்க வீட்டுக்காரருக்குத் தம்பி யாரும் இருக்காங்களான்னு."

மார்ச் 19, செவ்வாய்

பக்கத்து வீட்டு மயிலம்மாள் வேலியோரம் வந்து நின்றார். "என்னா தம்பி, கணக்கெல்லாம் காஞ்சிருச்சா?"

காய்ந்துவிட்டது என்றேன். வாளியை வாசலுக்குக் கொண்டுபோய், வெயிலிலேயே பிழிந்து போட்டேன். பஞ்சாலையின் பூப்போட்ட சட்டைகள் காற்றில் ஊதிப் பெருத்து, மரங்களுக்கு மேல் போய்விடும்போல இருந்தன. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.

மார்ச் 21, வியாழன்

புதுக் கையுறை, புதுத் தட்டு. கசிவு இல்லை. உலை அவளுக்கே.

மார்ச் 23, சனி

கையுறைகளை இனித் தொழிற்சாலையிலேயே துவைப்பார்களாம். அந்த வேலைக்கு வரச்சொல்லித் தர்மேந்திரன் எனக்கே போன் செய்தார். பேச்சு சுருக்கம், வாசனை மட்டும் வேண்டாம் என்றார்.

திங்கள் முதல் வேன் எங்கள் வீட்டில் இரண்டு பேரை ஏற்றும்.