உமது உலகத்தில் பீரங்கி இல்லை

இன்று காலை எங்கள் தெருவால் ஒரு பிரேதம் போனது. முன்னால் போனவர்கள் சந்திக்குச் சந்தி சீனவெடி கொளுத்தினார்கள். புகை யன்னலால் புகுந்து குசினிவரை வந்தது. உமது செத்தவீட்டிலும் இதே மணம்தான். தான் படைத்த உலகத்துக்குள் ஒரு சிட்டிகை வெடிமருந்தைக்கூட விடாத மனிதருக்கு வாசலிலேயே கட்டுக்கட்டாகக் கொளுத்தினார்கள். நான் சிரித்துவிட்டேன். உமது மாமனார் என்னைப் பார்த்த பார்வையை மறக்கவில்லை.

போனவரைப் பற்றி நல்லதாக எழுத வேண்டுமாம். எழுதுகிறேன். நீர் கதை நடத்துவதில் கெட்டிக்காரர்.

கதை சொல்லி ஆடும் அந்த ஆட்டத்தை நீர்தான் கொழும்பிலிருந்து கொண்டுவந்தீர். நிசாரின் இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடியில், துறைமுகத்தைப் பார்த்த யன்னலோரம், ஞாயிறு பின்னேரங்களில் நாலு பேர் மேசையைச் சுற்றி இருப்போம். நீர் ஓர் உலகத்தைச் சொல்வீர். நிசாரும் வங்கியில் வேலை செய்யும் வதனியும் நானும் அந்த உலகத்து மனிதர்களாகிப் பேசுவோம், சண்டை பிடிப்போம், சந்தேகம் வந்தால் பகடை உருட்டுவோம். மந்திரவாதிகள் இருந்தார்கள். மலைக்குள் குள்ளர்கள் இருந்தார்கள். எனக்கு ஒரு துறைமுகப் பட்டினம் தந்தீர், கோட்டையோடு.

அந்த உலகம் எவ்வளவு முன்னேறியிருக்கலாம் என்பதற்கு உம்மிடம் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. யார் எதைக் கேட்டாலும், "செய்யிறது ஆர்?" என்பீர். வதனி தூரக்கண்ணாடி கேட்டபோது, மணல் எந்தக் கரையிலிருந்து வரும், உலைக்கு விறகு யார் வெட்டுவது, தேய்ப்பது யார் என்று அவளைப் பிழிந்தெடுத்த பிறகுதான் கொடுத்தீர். நிசார் மணிக்கூட்டுக் கோபுரம் கேட்டான்.

"பல்லுச்சக்கரம் அராவுறது ஆர்?"

"குள்ளன் அராவுவான் மச்சான். மலைக்குள்ள அவனுக்கு வேற என்ன வேலை?"

அதுகூடச் சரியென்றீர். சட்டம் நல்ல சட்டம். பள்ளியில் இரசாயனவியல் படிப்பிக்கிற எனக்கு அது பிடிக்காமல் போகுமா? அதனால்தான், கடற்கொள்ளையர் என் பட்டினத்தைச் சுற்றி வளைத்தபோது, எனக்குப் பீரங்கி வேண்டும் என்று முழுத் தயாரிப்போடு வந்தேன். வெடியுப்புக்குப் பழைய மாட்டுப்பட்டி மண். கந்தகம் எரிமலைத் தீவிலிருந்து கப்பலில். கரிக்கு என் கோட்டைக்குப் பின்னால் காடு. குழாய் வார்க்கக் கோயில் மணி வார்ப்பவர்கள். எழுந்து நின்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். நீர் கடைசிவரை கேட்டீர். தேத்தண்ணியைக் குடித்து முடித்தீர்.

"எல்லாம் சரி. ஆனா இல்லை."

"ஏன்?"

"உமக்கு விளங்காது, ஐசே."

அவ்வளவுதான். பிறகு நெருப்புக் கக்கும் பறவைகளைக் கொள்ளையருக்குக் கொடுத்து என் பட்டினத்தை எரித்தீர். அந்தப் பறவையைச் செய்தது யார் என்று யாரும் கேட்கவில்லை.

விளங்காதாம். எனக்கு! இந்த ஊரில் ஷெல் விழுந்த காலத்தில் நீர் கொழும்பில் பெரியம்மா வீட்டில் இருந்து படித்தீர். எங்கள் வீட்டுப் பின்கோடிக்குள் ஒன்று விழுந்த அன்று நீர் அநேகமாகக் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்திருப்பீர். அம்மாவுக்கு அன்று போன காது சாகும்வரை வரவில்லை. வெடிமருந்து இல்லாத உலகத்தைக் கற்பனை செய்வது உமக்கு வசதி. நீர் ஏற்கனவே அப்படி ஓர் உலகத்தில்தானே வளர்ந்தீர்.

அந்த ஞாயிறோடு நான் மேசைக்கு வரவில்லை. ஒருமுறை மீன்சந்தையில் எதிர்ப்பட்டு, "வாருமன் ஒருநாளைக்கு" என்றீர். பாரை மீனின் செவுளைத் திறந்து பார்ப்பவன்போல் திரும்பி நின்றேன். அதுதான் கடைசி.

நீர் போய்ச் சில மாதங்களில் வதனியும் நிசாரும் வீட்டுக்கு வந்தார்கள். "உலகம் சும்மா கிடக்கு அண்ணை, நீங்கள் நடத்துங்கோவன்" என்றாள் வதனி. வெடிமருந்து இருக்கும், அதுதான் நிபந்தனை என்றேன்.

"செத்தும் அவனை விடமாட்டியா நீ?" என்று நிசார் கேட்டான்.

"விடமாட்டன்."

போன ஞாயிறு கொள்ளையர் திரும்ப வந்தார்கள். வதனிதான் பீரங்கிக்காரி. பகடை உருண்டு நின்றதும் முதல் கப்பல் இரண்டாகப் பிளந்தது. நிசார் மேசையில் அடித்த அடியில் கோப்பைகள் கவிழ்ந்தன. நான் தலையை நிமிர்த்தி உமது முகத்தைத் தேடினேன். தோற்ற முகத்தைப் பார்க்க எத்தனை வருடம் காத்திருந்தேன்! உமது கதிரையில் நிசாரின் ஹெல்மெட் இருந்தது.

வதனி போன பிறகு, கவிழ்ந்த தேத்தண்ணியைத் துடைத்துக்கொண்டே நிசார் சொன்னான்:

"நானும் ஒருக்கா அவனைக் கேட்டனான், ஏன்டா பீரங்கி குடுக்கல்ல எண்டு. 'அதைச் சொல்லேக்க அவர்ட கை நடுங்கினதை நீ பாக்கேல்லையோ'ண்டான். உன்னை நினைச்சுத்தான் மச்சான்."

"இதை ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"சொல்லாத எண்டான். சொன்னா நீ வெக்கப்படுவாயாம்."

ஆக, ஓர் உலகம் எவ்வளவு முன்னேறலாம் என்பதை என் கையைப் பார்த்துத் தீர்மானித்திருக்கிறீர். இரக்கப்பட்டிருக்கிறீர். யார் கேட்டது உமது இரக்கத்தை? விளங்காது என்று என்னை அவமதித்தது போதாமல், அதை உபகாரம் என்றும் நினைத்திருந்தீர்.

கை நடுங்கியிருக்கலாம். பயத்தால் அல்ல, ஐசே. ஆசையால். பிறந்ததிலிருந்து நான் அந்தச் சாமானுக்கு முன்னால்தான் இருந்திருக்கிறேன், மேசைக்குக் கீழே, பதுங்குகுழிக்குள், அம்மாவின் மடிக்குள். உமது உலகம் ஒன்றில்தான் நான் அதற்குப் பின்னால் நிற்கலாம், திரியைப் பற்றவைக்கலாமா விடலாமா என்று நானே முடிவெடுக்கலாம். அதைத்தான் பறித்தீர். விளங்காமல் போனது உமக்கு.

இதையெல்லாம் நிசாரிடம் சொல்லவில்லை. படியிறங்கித் துறைமுக வீதியால் வீட்டுக்கு நடந்தேன். எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் காலை ஊன்றி நின்றார். பிள்ளையை என்னிடம் படிக்க அனுப்புகிறவர்.

"ஆரோட சேர் சத்தமாக் கதைக்கிறீங்கள்?"

"ஒருத்தரோடயுமில்லை."

அவர் போகும்வரை நின்றேன். பிறகு விட்ட இடத்திலிருந்து உம்மோடு தொடங்கினேன். இன்னும் முடியவில்லை.