குரல் நரம்பில் ஒட்டியது

என்னங்க,

பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் எழுதி நர்ஸிடம் கொடுக்கிறேன்.

மண்டையோட்டின் அடியில் இருந்த கட்டி லட்சத்தில் ஒருவருக்கு வருவதாம். அது என் குரல் நரம்போடு ஒட்டியிருந்தது. "முழுசா எடுத்தா குரல் போயிடலாம். ஒட்டினதை மட்டும் விட்டுட்டு, அதுக்குக் கதிர்வீச்சு கொடுக்கலாம்," என்றார் டாக்டர். நான் முழுவதையும் எடுக்கச் சொன்னேன். நீங்கள்தான், "இவ திட்டாத வீட்ல எனக்குத் தூக்கம் வராது டாக்டர்," என்றீர்கள். அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் தலையாட்டினேன்.

ஆபரேஷனுக்கு முடி மழிக்க வந்தவரை நிறுத்தி, "நானும் சலூன்காரன்தான், என் பொண்டாட்டி தலையை நான் பாத்துக்கிறேன்," என்றீர்கள். காதுக்குப் பின்னால் ஒரு கீறல்கூட விழவில்லை. விழுந்த முடியை நீங்கள் கைக்குட்டையில் முடிந்துகொண்டதை நான் கவனிக்காத மாதிரியே இருந்துவிட்டேன்.

இன்று காலை தொண்டையிலிருந்த மூச்சுக் குழாயை எடுத்ததும் ஏதாவது சொல்லச் சொன்னார்கள். கரகரவென்று உங்கள் பெயர்தான் வந்தது. "யாரும்மா அது?" என்று கேட்டார் டாக்டர். "வெளியே அழுதுக்கிட்டிருக்கிற ஆளு," என்றேன். அதோடு பேச்சை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

மிச்சமிருப்பதற்கு அடுத்த மாதம் கதிர்வீச்சு. அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். இப்போது முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வாருங்கள்.

உங்கள் வீட்டுக்காரி